பேசாத அண்ணன் வீட்டுக்குப் பச்சை மீனோடு

ஆறு வருடமாக என்னோடு பேசாத அண்ணனைப் பார்க்க, ஐஸ் பெட்டியில் பச்சை மீனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். யோசனை என்னுடையது இல்லை, என் மகள் திவ்யாவுடையது. அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். யார் வயிற்றில் பிறந்தவள்!

திவ்யாவும் மாப்பிள்ளையும் ஹவாய்த் தீவில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஓட்டலில் வேலை. இவள் அங்கே ஒரு கிண்ணக் கடையில் நிற்கிறாள். போக்கே என்று அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர். ஒரு கிண்ணத்தில் சோறு, அதன்மேல் பச்சை மீன் துண்டு, வெள்ளரி, மாம்பழம், வெங்காயத்தாள், எள், கடைசியில் சோயா சாஸ். எல்லாவற்றையும் அரிந்து தட்டுத் தட்டாக வைத்திருப்பார்களாம். வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் சேர்த்துக்கொள்வார்களாம். இரண்டு பேர் கிண்ணம் ஒரே மாதிரி இருக்காதாம். இதில் என்ன பெருமையோ!

போய் மூன்று வருடம் கழித்து ஒரு மாத லீவில், கேரள எல்லையில் இருக்கிற எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்கு வந்தவள், வந்த வாரமே வீட்டில் செய்து காட்டினாள். தட்டுகளை மேசையில் பரப்பிவிட்டு, "எடுத்துக்கங்கப்பா" என்றாள். என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "ஏம் புள்ள, சோறு போடறியா, இல்ல நான் தோட்டத்துக்குப் போகட்டுமா?" என்றார். நான்தான் எழுந்து போட்டுக் கொடுத்தேன். மனுஷர் மீனை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதன்மேல் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். திவ்யா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம்தான் அவள் சொன்னாள். "காந்தலூர் போய் மாமாவுக்கும் இதைச் செஞ்சு குடுக்கோணும்மா. நான் ஊருக்குப் போறதுக்குள்ள நீயும் அவரும் பேசியாகோணும்." என் அண்ணன் இருப்பது மூணாறு பக்கத்து மலைமேல், அந்தக் காந்தலூரில்தான். உலகத்தில் எத்தனையோ சாப்பாடு இருக்க, என் அண்ணனுக்கு இதையா கொண்டுபோய்க் கொடுப்பது?

விஷயம் இதுதான். திவ்யா கல்யாணம் பொள்ளாச்சியில் நடந்தது. வரிசையில் போய்த் தட்டில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிடும் விருந்து. மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டார்கள், நாங்களும் தலையாட்டினோம். என் அண்ணன் தாய்மாமன் சீரோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். எனக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். டை கட்டிய ஒரு பையன் அவர் கையில் தட்டைத் திணித்து, "அங்க போய் எடுத்துக்குங்க சார்" என்றிருக்கிறான். அண்ணன் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைத் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு பசியோடு மலையேறிவிட்டார்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிற ஒறம்பரையை இலையில் உட்காரவைத்து, போதும் போதும் என்று கையை மறித்தாலும் இன்னொரு கரண்டி போட வேண்டும். நீயே எடுத்துப் போட்டுக்கொள் என்றால், ஏன் வந்தாய் என்று கேட்ட மாதிரி. சாதாரண ஒறம்பரைக்கே அப்படி. தாய்மாமனுக்கு நடந்தால் கேட்கவா வேண்டும்! அன்றிலிருந்து என் போனை அவர் எடுப்பதில்லை. கேட்டரிங்காரன் செய்த கூத்து என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று நாளை என்று நான் தள்ளிப்போட்டதில், திவ்யா கிளம்பப் பத்து நாள்தான் இருந்தது. அண்ணன் மனைவி பேச்சியம்மாள் மட்டும் எனக்கு ரகசியமாகப் போன் செய்வாள். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். "கூட்டிட்டு வா சரசு. அவுக என்ன, புலியா? வந்தவுகளைப் போன்னு சொல்ற வாய் அவுகளுக்குக் கிடையாது" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் புறப்பட்டோம்.

முதல் நாள். காலையில் கேரளாவில் கிளம்பி, தமிழ்நாட்டில் டீ குடித்து, மறுபடி கேரளாவில் போய் இறங்கும் பயணம் இது. பாஸ்போர்ட் மட்டும்தான் யாரும் கேட்கவில்லை. விடியற்காலை பாலக்காட்டு மீன் வண்டிக்காரரிடம் திவ்யா ஒரு சூரை மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்கினாள். கண்ணைப் பார்த்தாள், செவுளைத் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவளை அவ்வளவு பார்க்கவில்லை. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

உடுமலையில் பஸ் மாறினோம். டீயில் சர்க்கரை கூடுதல், வடையில் உப்பு கம்மி. பஸ்ஸில் நான் ஜன்னலோரம், பெட்டியோடு திவ்யா நடுவில். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். பெயர் எஸ்தர். மூணாறு பக்கத்து எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரி வேலை. மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாராம். உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"அதுல என்னங்க, மருந்தா?"

"மீனுங்க" என்றேன் நான்.

"மலைக்கு மீனா? எங்க எஸ்டேட் லயத்துக்கே வாரத்துல ரெண்டு நாள் மீன் வண்டி வருதே. இம்புட்டுத் தூரம் மடியில வச்சுச் சுமக்கணுமா?"

சின்னார் செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரர் ஏறிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மலையாளத்தில்தான் பேச்சு. இது எதற்கு என்று கேட்டார். பச்சையாகச் சாப்பிட என்று திவ்யா உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். அவர் கீழே நின்ற இன்னொருவரைக் கூப்பிட்டார். "இங்கே வாடா, இந்தச் சேச்சி மீனைச் சமைக்காமலே தின்னப் போகிறார்களாம்." அவர் ஏறி வந்து பெட்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "மறையூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கினார். பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் மானம் போயிற்று.

அதோடு விட்டதா! செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒற்றை யானை. சாலை நடுவில் நின்று மூங்கிலை ஒடித்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார். "அவனுக்கு அவசரம் இல்லை, நமக்கும் இல்லை" என்று கண்டக்டர் மலையாளத்தில் சொன்னார். எங்கள் ஊர்ச் சந்தை நாளில் மாடு வழிமறித்தால் வாலைத் திருகி நகர்த்துவோம். இதன் வாலை யார் திருகுவது?

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எஸ்தர் அம்மா தூக்குப்போணியைத் திறந்து புளிச்சோற்றை எடுத்தார். பேப்பர் துண்டுகளைக் கிழித்து, ஆளுக்கு ஒரு பிடி வைத்து, முன் சீட்டு பின் சீட்டு எல்லாருக்கும் நீட்டினார். யாரையும் வேண்டுமா என்று கேட்கவில்லை. எனக்கு இரண்டு பிடி வைத்தார். சாப்பிடும்போது அண்ணன் ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்த திவ்யாவிடம், அந்தத் தட்டு விவகாரத்தை முழுக்கச் சொன்னேன். சாப்பாடு சரியில்லை என்று மாமா கோபித்துக்கொண்டார், அவ்வளவுதான் என்று அவள் இதுவரை நினைத்திருந்தாள். அன்று அவள்தானே பொண்ணு, மேடையை விட்டு இறங்கவே இல்லை.

எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப நீ எங்கம்மா இருந்த?"

"ஃபோட்டோவுக்கு நின்னுட்டு இருந்தேன். ஏன், நானென்ன அங்க சும்மாவா இருந்தேன்?" என்று எரிந்து விழுந்தேன். அவள் பெட்டி மூடியைத் திறந்து, ஐஸ் கரைந்த தண்ணீரை ஜன்னல் வழியே கவிழ்த்தாள். பிறகு, "சரி, யாரையும் எடுத்துக்கச் சொல்ல வேண்டாம். மாமாவுக்கு நானே போட்டுக் குடுக்கறேன்" என்றாள். கொஞ்சம் மூச்சு வந்தது.

யானை தின்று முடித்து, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போயிற்று. மறையூரில் எஸ்தர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு இறங்கி ஜீப் ஏறினோம். ஆறு பேர் ஏறும் ஜீப்பில் பதினொரு பேர். முட்டைக்கோஸ் மூட்டைமேல் நான், என்மேல் பெட்டி. வளைவுக்கு வளைவு எதிரே இருந்தவர், "மீன் வாசம் அடிக்குதே" என்றார். ஒவ்வொரு வளைவிலும் நானும், "ஆமாங்க, அடிக்குது" என்றேன்.

காந்தலூரில் இறங்கியதும் குளிர் எலும்பில் ஏறியது. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு ஃபேனுக்கு அடியில் கிடப்போம். நங்கை வாசலுக்கே ஓடி வந்து திவ்யாவைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் உள்ளே பூண்டுக் கட்டுகளை உத்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஆறு வருடத்தில் இவ்வளவா? திவ்யாவைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கி, "வா கண்ணு" என்றார். அப்புறம் மனைவி பக்கம் திரும்பி, "வந்தவீங்களுக்குக் கால் கழுவ வெந்நீர் குடு, குளிரு" என்றார். வந்தவீங்க என்றது என்னைத்தான். நான் அவருக்கு எதிரே மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திவ்யா பெட்டியைத் திறந்து மீனை முகர்ந்தாள். முகம் சுருங்கியது. "கெட்டுப் போகல. ஆனா பச்சையா யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள். நங்கை அதைக் கையிலிருந்து பிடுங்கி, மிளகாய், மஞ்சள், பூண்டு அரைத்துத் தடவி மூடி வைத்தாள். "ராத்திரி வெளிய வச்சாலே போதும், எங்க ஊரு குளிரே பிரிட்ஜுதான். நாளைக்கு வறுத்துக்குவோம்" என்றாள். திவ்யா அதற்குச் சம்மதிக்காமல் பிரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த கீரையையெல்லாம் தள்ளி இடம் பண்ணினாள். கடல் கடந்து படித்த வித்தை, அம்மியில் அரைத்த மசாலாவிடம் தோற்றதில் எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம்.

இரண்டாம் நாள். காலையில் அண்ணன் திவ்யாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். என்னைக் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் பின்னாலேயே போனேன். படிப்படியாக வெட்டிய வயல். கேரட், பீன்ஸ், பூண்டு, ஓரத்தில் பட்டர் ஃப்ரூட் மரம், வேலிமேல் பேஷன் ஃப்ரூட் கொடி. எங்கள் பக்கம் தென்னையை நட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். இங்கே ஒரு சாண் இடத்தைச் சும்மா விடவில்லை.

திவ்யா ஒவ்வொன்றையும் கேட்டாள், அவர் ஒவ்வொன்றையும் பிடுங்கிக் கொடுத்தார். "இது அந்தக் கிண்ணத்துல போடலாமா கண்ணு?" "போடலாம் மாமா." "பூண்டுத்தாள்?" "அதும் போடலாம்." "அப்ப எதைத்தான் போடக் கூடாது?" "உங்க கோவத்தை" என்றாள் இவள். எனக்குத் திக்கென்றது. அண்ணன் குனிந்து ஒரு கேரட்டைப் பிடுங்கி மண்ணைத் தட்டினார். வரப்பு வழுக்கிய இடத்தில் நான் தடுமாறியபோது, "அம்மாளைப் பாத்து வரச் சொல்லு" என்று திவ்யாவிடம் சொன்னார். முன்போல அம்மிணி என்று கூப்பிட்டு என்னிடமே சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா?

திரும்பி வந்து சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்து அரிந்தோம். கேரட்டை இழையாகச் சீவினோம். பீட்ரூட்டை வேகவைத்துச் சதுரமாக வெட்டி, சோயா சாஸிலும் இஞ்சிச் சாற்றிலும் ஊறப் போட்டாள் திவ்யா. பச்சை மீனுக்குப் பதில் அதுவாம். பட்டர் ஃப்ரூட்டைத் துண்டு போட்டோம். எள்ளை வறுத்தோம். எலுமிச்சைக்குப் பதிலாகப் பேஷன் ஃப்ரூட் சாறு. திவ்யா ஹவாயிலிருந்து கொண்டு வந்த எள்ளெண்ணெய்ப் பாட்டிலை நங்கை மோந்து பார்த்தாள்.

"நல்லெண்ணெய்தானே? ஏன் கருகின வாசம் வருது?"

"வறுத்து ஆட்டினது அத்தை."

"வறுத்தாகளா, மறந்து அடுப்புலயே விட்டாகளா?" என்றவள், மேசையில் சேர்ந்துகொண்டே போன கிண்ணங்களைப் பார்த்தாள். "எல்லாம் அரிஞ்சு வச்சாச்சு, சரி. எப்பச் சமைப்பீக?"

"இவ்வளவுதான் அத்தை. சமைச்சாச்சு."

நங்கை என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் எழுந்து போய் ரசத்துக்குப் புளி ஊறவைத்தாள். அரிசியை மட்டும் திவ்யா சொன்னபடி கொஞ்சம் குழைய விட்டோம். மீன் துண்டுகள் எண்ணெயில் விழுந்ததும் வீடு முழுக்க வாசம் எழும்பியது. அப்போதுதான் எனக்கே பசிக்க ஆரம்பித்தது.

கூடத்தில் பாய் விரித்து, பதினான்கு கிண்ணத்தை நடுவில் வரிசையாக வைத்தோம். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு காலிக் கிண்ணம். அண்ணன் கை கால் கழுவிக்கொண்டு வந்து, சுவரோரம் தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திவ்யா தொண்டையைச் செருமிக்கொண்டாள். தானே போட்டுக் கொடுப்பதாகச் சொன்னவள்தான். ஆனால் மூன்று வருடம் கடையில் நின்று சொன்ன வார்த்தை, நாக்கில் தானாக வந்துவிட்டது.

"மாமா, உங்களுக்கு எது எது பிடிக்குமோ, நீங்களே எடுத்துக்கங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நங்கை கையில் ரசச் சட்டியோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அது அவர் வீடு, எழுந்து வேறு எங்கே போவார் என்ற ஒரு நினைப்புத்தான் மிச்சம்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. காலிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். எடுத்துப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து என் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

அன்று மண்டபத்திலும் இப்படித்தான் பார்த்தார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. நான் ஃபோட்டோவுக்கு நின்றது உண்மை. கூட்டத்துக்கு நடுவில், கையில் தட்டோடு, அண்ணன் என்னைத் தேடிப் பார்த்ததும் உண்மை. நான் அவரைப் பார்த்தேன். கையை ஆட்டி, போய் எடுத்துச் சாப்பிடுங்க என்று சாடை காட்டிவிட்டுக் கேமரா பக்கம் திரும்பிக்கொண்டேன். டை கட்டியவனுக்கு என் அண்ணன் யார் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

எழுந்து போய் அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினேன். சோறு போட்டேன். வறுத்த மீனில் முள் இல்லாத நடுத்துண்டாகப் பார்த்து நான்கு வைத்தேன். கேரட் வைத்தேன், பீட்ரூட் வைத்தேன், எள் தூவினேன். பட்டர் ஃப்ரூட் அவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் அந்தப் பழம் ஏது? அதையும் இரண்டு துண்டு வைத்தேன். கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரிலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் பாத்தேனுங்கண்ணா. நீங்க தட்டோட நிக்கறதைப் பாத்துட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன். கேட்டரிங்காரன் மேல பழியப் போட்டு ஊரை ஏமாத்திட்டேன். தப்பு என்னுதுங்கண்ணா."

அண்ணன் சோற்றில் கை வைக்கவில்லை.

"தெரியும்" என்றார். "நீ பாத்தியே, அதை நானும் பாத்தேன்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, அடக்கி யாருக்கு என்ன ஆகப்போகிறது!

"நின்னுட்டுத் தின்னா நான் என்ன தேஞ்சா போயிருவேன்?" என்றார். "வயக்காட்டுல தெனமும் நின்னுட்டுத்தான் திங்கறேன். நீ வந்து ஒரு கரண்டி போட்டிருந்தீன்னா, அந்தத் தட்டுலயே வாங்கித் தின்னுட்டுப் போயிருப்பேன் அம்மிணி. ஒரு கரண்டி."

அப்புறம் சாப்பிட ஆரம்பித்தார். ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, கிண்ணத்துக்குள் கைவிட்டுப் பிசைந்தார். முதலில் மீன், பிறகு பீட்ரூட், அதன் பிறகு எல்லாம் கலந்து. நங்கை ரசச் சட்டியைக் கீழே வைத்தாள், யாரும் அதைத் தேடவில்லை. பட்டர் ஃப்ரூட்டை மட்டும் ஒரு ஓரமாக ஒதுக்கினார். பிடிக்காது என்று தெரிந்துகொண்டேன்.

கிண்ணம் காலியாயிற்று. எந்த வீட்டிலும், யார் கல்யாணத்திலும், வாய்விட்டு இன்னொரு கை சோறு கேட்டறியாத மனுஷர் அவர். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள், கிண்ணத்தை என் பக்கமாக நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் போடு அம்மிணி. பசிக்குது."